பாட்டை நிறுத்திய பேருந்து

நான் கணக்கு வாத்தியார். வயது நாற்பத்து நான்கு. மோகனூரிலிருந்து நாமக்கல் போகும் ஒரு தனியார் பேருந்துக்கு ரசிகன். இதை வெளியில் சொன்னால் சிரிக்கிறார்கள். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவனைப் பார்த்துக்கூட இவ்வளவு சிரிப்பதில்லை.

நாங்கள் ஆறு பேர் சேர்ந்து இணையத்தில் அந்தப் பேருந்துக்கு ஒரு பக்கம் நடத்துகிறோம். தினமும் காலையில் கரும்புக்காட்டு வளைவில் ஒருவர் நின்று, வண்டி ஹாரன் அடித்துத் திரும்புவதைப் படம் பிடித்துப் போடுவோம்.

சிக்கல் பாட்டில் வந்தது. வண்டிக்குள் ஓடும் பாட்டு ஏதோ ஒரு கம்பெனிக்குச் சொந்தமாம். எங்களுக்கு இலவசமாக இடம் கொடுத்திருக்கும் நிறுவனத்தின் இயந்திரம், ஹாரனுக்கு நடுவில் கேட்ட அரை வரியைக் கண்டுபிடித்து வீடியோவையே தூக்கிவிட்டு எச்சரிக்கையும் அனுப்பியது. "அது பாட்டு இல்லை, பேருந்து" என்று விளக்கி நீளமாக எழுதி அனுப்பினேன். அனுப்பிய விரலை எடுப்பதற்குள், கவனமாகப் பரிசீலித்து நிராகரித்துவிட்டதாகப் பதில் வந்தது. பிறகு இன்னொரு எச்சரிக்கை. மூன்றாவதும் வந்தால் பக்கமே காலி. எங்கள் ஹாரனுக்கு முன்னால் சோப்பு விளம்பரம் ஓட்டும்போது மட்டும் அந்த இயந்திரத்துக்குக் காது கேட்பதில்லை. வந்த ஆத்திரத்தில் அன்று ஒன்பதாம் வகுப்புக்கு இருபது கணக்கு கூடுதலாகக் கொடுத்தேன்.

வேறு நிறுவனத்துக்குக் குடிபோகலாம் என்றார் ஒருவர். அங்கே மட்டும் என்ன வாழ்கிறது என்று நான் கத்தினேன். அந்தச் சண்டைக்கு நடுவில், தினமும் எங்கள் வீடியோ பார்க்கும் ஒரு பெண் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள். "பக்கம் போயிருமுங்களா சார்? அந்த வண்டி டிரைவர் எங்க அப்பாங்க."

அவளுக்குக் கனடாவில் வேலை. அப்பா போனில் பேசமாட்டார். எடுத்ததும் அம்மாவிடம் நீட்டிவிடுவார். வளைவில் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு விநாடி தெரியும் முகம்தான் அவளுக்கு மிச்சம். 

பேருந்து நிலையத்தில் டிரைவரைப் பிடித்து, வளைவில் மட்டும் ஒரு நிமிடம் பாட்டை நிறுத்தச் சொன்னேன்.

"ஏனுங்க வாத்தியாரே, பாட்ட நிறுத்துனா சனம் என்னைய எறக்கி உட்டுருமுங்க."

"உங்க புள்ள கனடாவுல இருந்து தெனமும் பாக்குதுங்க."

அவர் துணியை எடுத்து, ஏற்கெனவே பளிச்சென்று இருந்த முன்கண்ணாடியைத் துடைத்தார்.

மறுநாள் வளைவில் பாட்டு நின்றது. பேருந்தே கொதித்தது. இதெல்லாம் என் வேலை என்று தெரிந்ததும், கீரைக்கூடையோடு முன்சீட்டில் வரும் அம்மா சன்னல் வழியாக என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. அதை அப்படியே பதிவேற்றினேன். இயந்திரம் ஒரு குறையும் சொல்லவில்லை. எங்கள் ஊர் வசவு யாருக்கும் சொந்தமில்லை போலிருக்கிறது.

கண்டக்டர் காரணத்தைச் சொன்னதும் கீரைக்கார அம்மா கட்சி மாறிவிட்டார். அடுத்த நாள், "பாட்ட நிறுத்துங்க, புள்ள பாக்குற எடம் வந்துருச்சு" என்று டிரைவரை அவரே அதட்டினாராம். வளைவில் தலையை வெளியே நீட்டி என் போனைப் பார்த்துக் கத்தினார்: "சாமி, உங்கப்பன் கல்லாட்டம் இருக்கறாரு, நீ ஒண்ணும் கவலப்படாத!"

பக்கம் தப்பித்தது. நாங்கள் ஆறு பேரும் டீக்கடையில் கொண்டாடிக்கொண்டிருந்தபோது அவளுடைய பதில் வந்தது. "இல்லீங்க சார். ரெண்டு மாசமா அப்பா சட்டை தொளதொளன்னு இருக்குது. ஒருக்கா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவீங்களா?"

சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லையா என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து பழைய வீடியோக்களை வரிசையாக ஓடவிட்டேன். மனிதர் நாளுக்கு நாள் பாதியாகிக்கொண்டு வந்திருக்கிறார். பின்சக்கரத்தில் டயர் மாற்றியதைக்கூட அன்றே கண்டுபிடித்து எழுதியவர்கள் நாங்கள். ஆறு பேரில் ஒருவர்கூட அவரைப் பார்த்திருக்கவில்லை.