முதல் வரியை நம்பிய மைக்செட்டுக்காரன்

படத்திறப்பு நிகழ்ச்சியில் மைக்செட்டுக்காரன் செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு. மேடையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மிக்ஸரை விட்டு எழுந்து கூட்டத்துக்கு முன்னால் நடக்கக் கூடாது. திருச்செங்கோட்டு மண்டபம் ஒன்றில் நான் அதைத்தான் செய்தேன். போதாததற்கு, கணவனைப் பறிகொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் காதில் இயர்போனை மாட்டினேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடமிருந்து எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம் என்றுதான் பொதுவாகச் சொல்வேன். இது ஒன்று மட்டும் விதிவிலக்கு.

இறந்தவர் பெயர் தங்கவேல். மேட்டூரில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருந்தவர். ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தால் கிடாரை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாராம். அவர் கொண்டாடியது ஒரே ஒரு வெள்ளைக்காரக் கிடார்காரரை. அந்தக் கால ராக் ஆசாமி. பெயரைச் சொல்ல மாட்டேன். அவருடைய ரசிகர்கள் பொல்லாதவர்கள், நான் எதைச் சொன்னாலும் தப்பு என்று வருவார்கள்.

தங்கவேலின் மனைவி சரஸ்வதி அக்கா என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். படத்தின் திரை விலகும்போது வழக்கமான சோகப் பாட்டு வேண்டாம். அவர் தினமும் வாசித்த பாட்டு ஓட வேண்டும். பெயரும் சொன்னார். தமிழில் சொன்னால் ‘ஆற்றுச் சாலை’.

இதற்குத் தங்கவேலின் அண்ணன் லேசில் சம்மதிக்கவில்லை. நாலு போர்வெல் ரிக் வண்டி வைத்து ஓட்டுகிற ஆள். பங்காளிகளுக்குள் அவர் சொன்னால் சொன்னதுதான். மண்டபத்துக்கு வந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

“ஏனுங்க மைக்செட்டு, எழவுக் காரியத்துல இங்கிலீஷ் பாட்டு எங்கியாச்சும் உண்டுங்களா? அம்மிணி அழுதுக்கிட்டுக் கேக்குது, ஒண்ணே ஒண்ணுன்னு உட்டுட்டேன். சாதிசனம் அத்தனையும் வந்திருக்குது. கூத்தாக்கிப் போடாதீங்க. டம்மு டம்முன்னு எதாச்சும் வந்துச்சு, மெயின நானே வந்து அமத்திப் போடுவேன்.”

அப்படியெல்லாம் ஆகாதுங்க என்றேன். ஆகாது என்று நம்பவும் செய்தேன்.

அக்காவின் உறவுக்காரப் பையன் அந்தக் கிடார்காரரின் பாட்டுகளை மொத்தமாக என் செல்போனுக்கு அனுப்பியிருந்தான். அதில் ‘ஆற்றுச் சாலை’ ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. ஒன்று வெறும் ‘ஆற்றுச் சாலை.’ மற்றொன்று ‘ஆற்றுச் சாலை மறுபடியும்.’ அந்த மனிதர் அதே தலைப்பைத் திரும்பத் திரும்ப உழுதிருக்கிறார்.

நான் கலங்கவில்லை. எங்கள் தொழிலில் பாட்டின் பெயர் என்பது பாட்டின் முதல் வரி. கோயில் பதிகத்திலிருந்து குத்துப் பாட்டு வரை நமக்கு அதுதான் வழக்கம். வாயைத் திறந்ததும் என்ன சொல்கிறானோ அதுவே பெயர். நானும் இருபத்தைந்து வருடமாக முதல் வரியை மட்டும் ஹெட்போனில் கேட்டு, சரி என்று வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தவன். முதல் பாட்டில் எடுத்த எடுப்பிலேயே அந்த ஆள் ‘ஆற்றுச் சாலை’ என்று மெதுவாகத் தொடங்கினார். இரண்டாவதில் கிடார் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது, ஆளையே காணோம். ‘மறுபடியும்’ என்று வேறு போட்டிருக்கிறது, ரீமேக்காக இருக்கும் என்று அதை ஒதுக்கினேன். முதல் பாட்டைத் தயாராக வைத்தேன்.

சிறப்பு விருந்தினர் பேச ஆரம்பித்தார். இறந்தவரைப் பற்றி ஒரு வரி, தன்னைப் பற்றி ஒரு பத்தி என்ற கணக்கில் பேச்சு நீண்டது. சும்மா இருக்க முடியாமல் ஹெட்போனை மாட்டி, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாட்டின் முதல் வரிக்கு அப்பால் போனேன்.

மூன்றாவது வரியில் டிரம்ஸ் வெடித்தது. அந்த மனுஷன் கத்தத் தொடங்கினார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டவரை, பெண்டாட்டி தொல்லை விட்டது, இனி ஊர் ஊராகக் குடித்துத் திரிவேன் என்பது சாராம்சம்.

இது போனால் அண்ணன் மெயினை அணைப்பார். எனக்கு ஒரு வசவோடு போய்விடும். இருந்த ஒரே ஆசை சபையில் சிரிப்பாகிப் போன பிறகு, அக்கா இந்தச் சனத்துக்குள்தான் காலம் தள்ள வேண்டும். மற்ற பாட்டைப் போடலாம் என்றால் அதுவும் சரிதானா என்று யார் கண்டது? இரண்டுமே தப்பாக இருக்கலாம். விருந்தினர் “இறுதியாக” என்றார். மேடைப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு மேல் இன்னும் கொஞ்ச தூரம் உண்டு என்பது மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

சேனலை மியூட் செய்து செல்போனைப் பிடுங்கிக்கொண்டு நடந்தேன். கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்தார். அக்காவின் காலடியில் குந்தி, சட்டைப் பையில் இருந்த இயர்போனை எடுத்து அவர் காதில் மாட்டினேன். முதல் பாட்டுக்கு உடனே இல்லை என்று தலையாட்டினார்.

“இது அவரு வாசிச்சது இல்லீங் தம்பி.”

இரண்டாவதைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டார்.

“அக்கா, இதுல அந்தப் பேரே வரலீங்களே” என்றேன்.

“அது கடைசீலதான் வரும். பாடறவன் வாயத் தொறக்கறதுக்குள்ள எங்கூட்டுக் குக்கரு விசிலடிச்சுரும்.”

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்துவிட்டார். பக்கத்துப் பெண்கள் அதிர்ந்துபோய்ப் பார்த்தார்கள். சிரித்ததை அண்ணனும் பார்த்தார். எழுந்தார்.

நான் மிக்ஸருக்கு ஓடி வயரைச் செருகுவதற்கும் மேடையில் கயிற்றை இழுப்பதற்கும் சரியாக இருந்தது. திரை விலகியது. கிடார் ஒலித்தது.

அண்ணன் என்னிடம் வந்து, சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நின்றார். கை தயாராக இருந்தது. கிடார் போய்க்கொண்டே இருந்தது. பாடுகிறவன் வரவில்லை. இனி வருகிறவன் என்ன சொல்லப் போகிறானோ என்று நான் வேண்டாத சாமி இல்லை.

கை கீழே இறங்கியது.

“இது எனக்குத் தெரியுமுங்க” என்றார், படத்தைப் பார்த்தபடியே. “எப்பப் போன் போட்டாலும் பின்னால இதுதான் கேக்கும். பேசறது காதுல உழுகல, அந்த ரேடியோவ அமத்துடான்னு வஞ்சிருக்கறனுங்க. அமத்திப் போட்டுப் பேசுவான். ரேடியோன்னே நெனச்சிருந்தேன்.”

பாட்டு முடியும் வரை அங்கேயே நின்றார். அந்தப் பெயர் கடைசியில் வந்தது, அக்கா சொன்ன மாதிரியே.

இப்போதெல்லாம் யாராவது வெளிநாட்டுப் பாட்டு வேண்டும் என்று வந்தால் பெயரைக் கடைசியில்தான் கேட்கிறேன். அது ஓடும்போது வீட்டில் நீங்கள் என்ன வேலையாக இருந்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். பிறகு பாட்டை முழுசாக ஓடவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.