ஐந்தாம் கடிதத்தில் நான் செய்த ராஜினாமா

வேலையை விடுவது எப்படி என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில், நான் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வால்வு மூடிகளை அளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருடமாக அதே மூடிகள். இதை விட்டால் வேறு யாரும் என்னை எடுக்கமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், மூடிகளுக்கும் தெரியும்.

ஓய்வு நேரத்தில் நான் விற்கக் கிளம்பியது, வீட்டிலிருந்தே சம்பாதிப்பது பற்றி யாரோ எழுதிய ஒரு மின்னூல். நான் அனுப்பும் இணைப்பைத் தட்டி யாராவது வாங்கினால் எனக்குக் கமிஷன். முன்பின் தெரியாதவர்களின் மின்னஞ்சல் முகவரிகளைச் சேர்த்து ஒரு பட்டியல் போடுங்கள் என்றார்கள் மின்னூல்காரர்கள். முன்பின் தெரியாதவர்களை நான் குடியிருக்கும் ஸ்ரீராம்புரத்தில் எங்கே போய்த் தேடுவது? தங்கையின் கல்யாணப் பத்திரிகையை மின்னஞ்சலில் அனுப்பிய பட்டியல் இருந்தது. அதையே ஏற்றிவிட்டேன். அதில் என் சூப்பர்வைசரும் இருந்தார் என்பதை மறந்தேபோனேன்.

பட்டியலில் உள்ளவர்களுக்கு என் பெயரில், என் கதை போலப் போகவேண்டிய ஏழு விளம்பரக் கடிதங்களையும் அவர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள். தினம் ஒன்றாகத் தானே போகும். ஐந்தாவதில் நான் ராஜினாமா செய்கிறேன். உயிரோட்டம் போதவில்லை என்று நானே ஒரு வரி சேர்த்தேன்: கடிதத்தை வாங்கிய சூப்பர்வைசரின் கை நடுங்கியது.

ஐந்தாம் நாள் காலையில், கடிதத்தைப் படித்த மாமனார் போன் செய்து, மகளைக் கூட்டிப்போக வருவதாகச் சொன்னார். டீ நேரத்தில் சூப்பர்வைசர் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். தமிழர்கள் நிறைந்த அல்சூரில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகவே படிப்பார்.

"என்ன குரு, என் கை நடுங்குச்சாமே. எந்தக் கை?"

நான் டீ கிளாஸை அவர் மேசை ஓரத்தில் வைத்தேன்.

"மேல ஆபீஸ்ல சொல்லிடட்டா, நீ வேலைய விட்டுட்டேன்னு?"

ஆமாம் என்றால் வேலை போகும். இல்லை என்றால் சொந்தபந்தம் மொத்தத்துக்கும் பொய்யன். சோறு பொய்யனுக்கும் வேண்டும் என்பதால் உண்மையைச் சொன்னேன்: எல்லாம் எவனோ எழுதிய கடிதம், என் சொந்தச் சரக்கு அந்த நடுக்கம் மட்டும்தான்.

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. மின்னூலை அவர் நேற்றே வாங்கிவிட்டாராம். இதுவரை வாங்கியவர் அவர் ஒருவர்தான். மேசை இழுப்பறையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். அவருடைய ராஜினாமா.

"நெஜம்னு நம்பிட்டேன் குரு. நீயே போறப்ப, நான் போனா என்னன்னு..."

முடிக்காமல் தாளை உள்ளே வைத்து மூடினார்.

"நாளைக்கு ஆறாவது லெட்டர் வருமா?"

"வரும் சார். நிறுத்தத் தெரியல."

"அதுல என்ன பண்றே?"

"பத்து மணிக்கு எழுந்து, நிதானமா காபி குடிக்கறேன் சார்."

அவர் கண்ணாடி வழியாக இயந்திரங்களைப் பார்த்தார்.

"நாளைக்கு உனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். ஆறு மணிக்கு வந்துடு."