கங்காவின் அட்டையில் ஒரு கோடு

பாவம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சேது செய்தது அரிசி நீளத்தில் இரண்டு மைக்கோடுகள்.

மலேசியாவில், ஈஜோக் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் சேதுவுக்கு ஆபீஸ் எடுபிடி வேலை. தினமும் தோட்டத்துக் கடிதங்களைப் பையில் போட்டு, சைக்கிளில் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோவான். பதினான்கு வருடமாக அந்தப் பைதான் வீட்டில் ஏழு பேருக்குச் சோறு போட்டது.

அவன் தங்கை கங்கா ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள். சதுரங்கம் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் ஆண்கள் சிகரெட்டும் கையுமாகச் சூழ்ந்திருக்கும் பலகை முன்னால் கல்யாணமாகாத பெண் போய் உட்கார முடியுமா? அட்டை போகலாம். கோல சிலாங்கூரில் ஜக்கரியா பாய் தம் சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் தபால் சதுரங்க மன்றம் நடத்திவந்தார். ஒரு நகர்த்தலுக்கு ஓர் அஞ்சலட்டை. எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு என்று நான்கே எண்கள். யாரிடமும் கேட்டு ஆடக்கூடாது என்பது முதல் விதி. சேதுவும் செயற்குழுவில் இருந்தான்.

கங்கா பதினோரு ஆட்டம் ஜெயித்து, 1984-இல் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டாள். எதிராளி ரவாங் தொழிற்சாலைத் தங்கராஜு. எட்டு மாதம் இழுத்த ஆட்டம்.

அன்று வழியில் சேது பையிலிருந்த அவள் அட்டையைப் படித்தான். 5451. அவனுக்குத் தெரிந்த அரைகுறை ஆட்டத்துக்கே அது விபரீதமாகப் பட்டது. ராணியைக் கொண்டுபோய்க் குதிரையின் வாயில் வைத்திருக்கிறாளே. ஏதோ யோசனையில் தப்பாக எழுதிவிட்டாள், பாவம் என்று நினைத்தான். ஆபீஸ் பேனாவை எடுத்தான். கடைசி ஒன்றின் தலையில் ஒரு கோடு, ஏழானது. கைப்பழக்கத்தில் அந்த ஏழின் இடுப்பிலும் ஒரு கோடு போட்டான்.

இரண்டு வாரத்தில் புகார் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னறையில் அட்டை மேசைமேல் கிடந்தது. நீல எழுத்தில் கறுப்புக் கோடுகள்.

"இது வேற கை. நமக்கு அப்பவே தெரியும் லா," என்றான் தங்கராஜு. "பொம்பள பேருல எவனோ ஆம்பள ஆடுறான். பதினோரு ஆட்டமும் அவன் ஆடுனதுதான்."

ஜக்கரியா பாய் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு திருத்துனதும்மா? சொல்லிட்டா விட்டுடலாம்."

கங்கா அட்டையைப் பார்த்தாள். இடுப்பில் கோடு போட்ட ஏழைப் பார்த்தாள். அண்ணனின் எழுத்து அவளுக்குத் தெரியாதா? பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல பாய்."

இரண்டு வருடம் நீக்கம் என்றார்கள். கை தூக்கச் சொன்னார்கள். சேதுவின் கையும் மேலே போனது. அது எப்படிப் போனது என்று அவனுக்கே தெரியவில்லை.

மாலையில் வீட்டில் அவளுடைய நோட்டைத் திறந்தான். தேதி போட்டு, நீல மையில் 5451. அதற்குக் கீழே, 'குதிரை ராணியை வெட்டினால் என் கோட்டை இறங்கும். ராஜா முடிந்தார்.'

தவறு இல்லை. எட்டு மாதம் காத்திருந்து வைத்த பொறி. அந்த ஒரு பக்கத்தைக் காட்டியிருந்தால் அவள் தப்பியிருப்பாள். காட்டினால், அட்டை போன பையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

"ஏன்டி காட்டல?"

"காட்டிட்டு? நாலு புள்ளைய வச்சுக்கிட்டு நீயும் அண்ணியும் எங்க போவீங்க?" அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்.

மறுநாள் சேது மன்றத்துக்கு ஓர் அட்டை எழுதினான். உறை வாங்கியிருக்கலாம், யாரும் படித்திருக்க மாட்டார்கள். வாங்கவில்லை. 'கோடு போட்டவன் நான். என் தங்கைக்கு ஒன்றும் தெரியாது' என்று எழுதி, நோட்டுப் பக்கத்தைக் கிழித்து இணைத்து, தபாலைப் பார்த்து அனுப்பும் கணக்கர் நடராஜா கிராணியின் மேசையில் எழுத்து மேலே தெரியும்படி வைத்தான்.

கிராணி இரண்டு தடவை படித்தார். "பையைக் கழட்டி வச்சிடு சேது," என்றார்.

கங்காவின் நீக்கத்தை ரத்து செய்தார்கள். பதினோரு வெற்றியும் அவளுடையவைதான் என்று ஜக்கரியா பாய் கடை வாசலில் எழுதியே ஒட்டினார். ஆனால் இறுதி ஆட்டம் தொடரவில்லை. அவளைக் காப்பாற்றிய அந்தப் பக்கமே அவள் பொறியைத் தங்கராஜுவுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டதே. அந்த ராணியை அவளால் வைக்கவே முடியவில்லை.

இப்போது அவன் செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்குகிறான். சம்பளம் குறைவு, பள்ளிக்கூடம் போக வேண்டிய மூத்தவள் துணைக்கு வருகிறாள்.

அடுத்த வருடப் போட்டி தொடங்கியது. காலையில் கங்கா அட்டையை நீட்டினாள். "ஆபீஸ்ல குடுத்துடுண்ணே."

சேது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"புடிண்ணே. படிச்சாலும் பரவால்ல. பேனா எடுக்காத லா, அவ்வளவுதான்."

சிரித்தாள். அவனால் சிரிக்க முடியவில்லை. அட்டையை ஓரத்தில் பிடித்து வாங்கி, எழுத்து கீழே இருக்கும்படி திருப்பிக்கொண்டு, ஆபீஸ் வரை அப்படியே நடந்தான்.