ஒன்பதாவது சர்வரில் மாமா

எங்கள் கணினி மையத்தில் அவருக்கு டிக்கெட் அக்கா என்று பெயர். பன்னிரண்டு சர்வர்களில் சிதறிக் கிடக்கும் கோப்புகள் பார்ப்பவர்களுக்கு ஒரே அலமாரியாகத் தெரியும். அதைத் திறக்க, மனிதரானாலும் தானாக ஓடும் புரோகிராமானாலும், தான் இன்னார் என்று நிரூபித்து, டிக்கெட் என்னும் மின் அனுமதிச்சீட்டை வாங்க வேண்டும். பத்து மணி நேரத்தில் அது காலாவதி. புரோகிராமுக்குப் பாஸ்வேர்டு தட்டக் கையா இருக்கிறது? அதற்கென்று ஒரு சாவிக் கோப்பு. இதெல்லாம் அக்காவின் ராஜ்ஜியம். மேலாளரிடமே "வரிசையில வாங்க சார்" என்றவர்.

அக்காவின் கணவருக்கும் இதே அறைதான், பக்கத்து நாற்காலி. எனக்கு மாமா. எங்கள் ஆட்கள் அவசரத்தில் செய்யும் தப்பை அவரும் செய்திருந்தார். ஏதோ ஒரு புரோகிராமுக்குத் தனிப் பெயர் கொடுக்காமல், தன் பெயரிலேயே ஓடவிட்டிருந்தார். மாரடைப்பில் அவர் போய்ப் பதினோரு மாதம் ஆகியும், பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை டிக்கெட் வாங்கியவர்களின் பதிவில் அவர் பெயர் விழுந்துகொண்டே இருந்தது. அக்கா காலையில் வந்ததும் தோள் பையைக்கூட இறக்காமல் அந்த வரியைத் தேடுவார்.

தணிக்கைக்காரர் கண்ணில் பட்டுவிட்டது.

"இறந்தவர் கணக்கு இன்னும் ஓடுதே மேடம். இன்னிக்கே மூடிடுங்க."

அக்கா மூடினார்.

மறுநாள் காலை பதிவு நிறைய மாமாவின் பெயர். டிக்கெட் கிடைக்காத புரோகிராம் நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வரியிலும் 'அனுமதி மறுக்கப்பட்டது'.

"எந்த மெஷின்னு பாத்து நிறுத்திடலாம்க்கா," என்றேன்.

ஒன்பதாவது சர்வரில் அகப்பட்டது. அது செய்த வேலை ஒன்றே ஒன்று: அக்காவின் கோப்புகளை இன்னொரு சர்வரில் நகலெடுத்து வைப்பது. நான்கு வருடத்துக்கு முன் ஒரு வட்டு பழுதாகி, மகளின் குழந்தைப் பருவப் படங்கள் மொத்தமும் போய், அக்கா அழுது தீர்த்தாரே, அதற்கு மறுநாள்தான் அந்தப் புரோகிராமை எழுதிய தேதி. மாமா அவரிடம் சொல்லவே இல்லை.

"எனக்காகத்தான்டி வந்துட்டு இருந்திருக்காரு. நான் கதவச் சாத்திட்டேன்."

மதியம்வரை அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்தப் புரோகிராமைத் தன் கையாலேயே நிறுத்தினார்.

அடுத்த நாள் காலை அக்கா வந்தார். பையை இறக்கி வைத்துவிட்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.