விபத்தில்லா நாட்கள்

வடக்குப்பட்டு ஹோமின் படியில் கால் வைக்கும்போதே கிரேசியின் மூக்கு முடிவு சொல்லிவிட்டது. மூத்திர வாடை, அதற்கு மேல் மலிவு பினாயில். ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராகப் பத்து வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவள். கக்கூஸ் கதவைத் திறக்காமலே, இன்றைக்கு ஆசிட் ஊற்றினார்களா வெறும் தண்ணீர் ஊற்றினார்களா என்று சொல்லிவிடுவாள். அவளுக்கு இந்த வாடை போதும். ஆனாலும் இரண்டு பஸ் மாறி வெயிலில் நடந்து வந்தாயிற்று. திரும்புவதற்கு முன் எங்காவது கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் தேவலை என்றிருந்தது. உள்ளே போனாள்.

பழைய மாடி வீட்டைப் பின்பக்கம் நீட்டிக் கட்டி, முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஹோமாக ஆக்கியிருந்தார்கள். கூடத்திலிருந்து குளியலறை வரை, ஜன்னல் கம்பிகளில் முடிச்சுப் போட்டு, இடுப்பு உயரத்தில் தடித்த நைலான் கயிறு ஒன்று ஓடியது. நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிய ஒரு பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக நகர்ந்தபடியே சமையல்கட்டைப் பார்த்துக் கத்தினார்.

"டீயா இது? கழனித்தண்ணி!"

"குடிக்காட்டி வெச்சிட்டுப் போ நயினாரே. மாட்டுக்கு ஊத்தறேன். அதுவாச்சும் வாய மூடிக்கினு குடிக்கும்" என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

தரை ஈரமாக இருந்தது. யாரோ அப்போதுதான் துடைத்திருக்கிறார்கள். 'ஈரத் தரை' என்று ஒரு மஞ்சள் பலகைகூட இல்லை. கிரேசி மனசுக்குள் இன்னொரு மார்க்கைக் குறைத்தாள்.

ஹோமை நடத்துகிற கங்கம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஈரக்கையோடு வந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவளாம். நாற்காலியைக் காட்டினாள்.

"யாருக்குமா?"

"எங்க வூட்டுக்காரருக்கு. வாதம் அடிச்சு ஆறு மாசம் ஆவுது. வலது கையும் காலும்."

"நடக்கறாரா?"

"கோல் புடிச்சிக்கினு பாத்ரூம் வரைக்கும் போவாரு." கிரேசியின் கண் பெரியவர் மேலேயே இருந்தது. "அவருக்கு நெத்தியில இன்னாக்கா?"

"விழுந்துட்டாரு. போன வாரம்."

"விழுந்துட்டாரா? பாத்துக்க ஆள் இல்லியா?"

"ஆள் பக்கத்துலயேதான் நின்னுக்கினு இருந்துச்சி. நடக்கறவங்க ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் விழத்தான் செய்வாங்க. இங்க யாரும் விழவே மாட்டாங்கன்னு உன்னாண்ட பொய் சொல்லட்டுமா?"

கிரேசி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. பொண்ணைக் கலந்துக்கினு சொல்றேன் என்று எழுந்துவிட்டாள்.

விழுவது என்கிற பேச்சையே அவளால் கேட்க முடியவில்லை. அவள் புருஷன் யேசுராஜ் கம்பெனி பஸ் ஓட்டியவர். இருபது வருடமாக ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கியவர், கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சாய்ந்தார். நல்லவேளை, வண்டி ஷெட்டில் நின்றது. பேச்சு குழறிப்போனது. கிரேசிக்கு மட்டும்தான் பாதியாவது புரியும். லீவு தீர்ந்ததும் கான்ட்ராக்டர் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்றார். ஒரே மகள் ஷாலின் கைக்குழந்தையோடு ஓசூரில். வேறு வழி தெரியாமல் கட்டில் பக்கத்தில் சாப்பாடும் தண்ணீரும் வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு கிரேசி வேலைக்குப் போனாள்.

ஒரு நாள் அவள் ஓ.டி. பார்த்துவிட்டு வந்தபோது யேசுராஜ் குளியலறைத் தரையில் கிடந்தார். கட்டில் பக்கத்தில் காலையில் வைத்த சாப்பாடு மூடியபடியே இருந்தது. எத்தனை நேரம் கிடந்தாரோ, கத்தினாரோ, கேட்டிருந்தாலும் யார் பூட்டைத் திறப்பது? தூக்கி உட்கார வைத்தபோது அவர் திட்டவில்லை. "பூ... ட்டாத" என்றார். அவ்வளவுதான். அந்த வாரமே சம்பளமில்லாத லீவு போட்டு அவள் ஹோம் தேடக் கிளம்பினாள்.

அவருடைய தங்கை பெனிட்டா போனில் பிடித்துக்கொண்டாள். "கட்டுனவன ஹோம்ல கொண்டுபோய்த் தள்ளப் போறியாமே அண்ணி? நாலு பேர் இன்னா பேசுவாங்க?"

"அந்த நாலு பேர்ல ஒருத்தர பகல்ல மட்டும் வந்து குந்திக்கினு இருக்கச் சொல்லு பெனிட்டா. நான் எங்கியும் தள்ளல."

பெனிட்டா போனை வைத்துவிட்டாள்.

தண்டலத்து ஹோமை ஷாலின்தான் கண்டுபிடித்தாள். "கூகுள்ல நாலு புள்ளி ஏழு ஸ்டார்மா. போட்டோல பாரு, ஓட்டல் மாதிரி கீது. பாதிப் பணத்த நான் போட்டுடறேன்." மீதிப் பாதிக்குக் கிரேசியின் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும். வீட்டு வாடகைக்கு மறுபடி ஓ.டி. பார்க்க வேண்டும். பார்த்துக்கொள்ளலாம் என்று போனாள்.

அங்கே வாடையே இல்லை. தரையில் முகம் தெரிந்தது. கைப்பிடிக்கு எஃகுக் கம்பி, ஒவ்வொரு கட்டிலுக்கும் அழைப்பு மணி, மூலைக்கு மூலை கேமரா. மேனேஜர் ரகு கழுத்தில் அடையாள அட்டையோடு கூடவே நடந்தார். வரவேற்பறைச் சுவரில் ஒரு பலகையைக் காட்டினார். 'விழுதல் இல்லாத நாட்கள்' என்று எழுதி, பக்கத்தில் பெரிய எண் ஒன்று.

"நாங்க ஆரம்பிச்சதுலேருந்து ஒரு ஃபால்கூட கிடையாது மேடம். சேஃப்டிதான் ஃபர்ஸ்ட்."

கிரேசிக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. அவள் கம்பெனி கேட்டிலும் இதே மாதிரிப் பலகை உண்டு. விபத்தில்லா நாட்கள் என்று. தினமும் காலையில் அதைத் துடைத்து வைப்பதே அவளுடைய ஆட்கள்தான். தெரிந்த மொழியில் ஒருவர் பேசினால் நம்பத் தோன்றும். சனிக்கிழமை யேசுராஜைச் சேர்த்தாள். திங்கட்கிழமை வேலைக்குப் போனாள்.

அந்த வாரம் அவள் ராத்திரியில் தூங்கினாள். வேலைக்கு நடுவே போனை எடுத்து, ஹோம்காரர்கள் இணைத்துக் கொடுத்திருந்த கேமராவில் பார்ப்பாள். யேசுராஜ் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருப்பார். டீ நேரத்தில் பார்த்தாலும் அங்கேயே, சாப்பாட்டு நேரத்தில் பார்த்தாலும் அங்கேயே. சட்டை மாறியிருக்கும், நாற்காலி மாறாது. விழவில்லை என்று போனை இடுப்பில் செருகிக்கொண்டு மாப் வாளியைத் தள்ளிக்கொண்டு போவாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு நேரே தண்டலம் போனாள். யேசுராஜ் சவரம் செய்து, பவுடர் போட்டு, கல்யாணத்துக்குக் கிளம்பியவர்போல் இருந்தார். இடுப்பைச் சுற்றி ஒரு பெல்ட். அதைக் கேமராவில் அவள் பார்த்ததில்லை, மேலே துண்டு கிடக்கும். அவர் அவளைப் பார்க்கவில்லை. கொய்யாவையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இடது கையால் பெல்ட்டைத் தட்டி, "பா... பாத்" என்றார்.

கிரேசி அட்டெண்டர் பெண்ணைக் கூப்பிட்டாள். "பாத்ரூம் போவணுமாம். கோல் எங்கமா?"

"தேவையில்லம்மா. பாம்பர்ஸ் போட்டிருக்கு. அப்படியே போவச் சொல்லுங்க."

"அவருதான் நடந்து போவாரே."

"இங்க நடக்க விட மாட்டோம்மா. விழுந்துட்டா யாரு பதில் சொல்றது?"

கோல் அலமாரிக்குள் பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக இருந்தது. கிரேசி பெல்ட்டை அவிழ்த்து, தோளைக் கொடுத்து அவரை நிற்க வைத்தாள். ஒரு வாரத்துக்கு முன்னால் தானாக எழுந்த கால் இப்போது துவண்டது. ஆறு மாதமாக வீட்டுச் சுவரைப் பிடித்துப் பிடித்து, அவளைத் திட்டித் திட்டி அவர் மீட்டு வைத்திருந்த ஒரே காரியம் அந்தப் பாத்ரூம் வரைக்குமான நடைதான். யேசுராஜ் அவள் தோளில் சாய்ந்தபடியே நிற்கப் பார்த்தார். முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகம் போன போக்கில் என்ன நடந்தது என்று கிரேசிக்குத் தெரிந்துவிட்டது.

வெளியே வரும்போது அந்தப் பலகையில் எண் கூடியிருந்தது. போன வருடம் அவள் கம்பெனியில் ஒரு பையனுக்கு பிரஸ் மெஷினில் விரல் நசுங்கிப்போனது. ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். ரத்தத்தைத் துடைத்தது அவளுடைய ஆட்கள். மறுநாள் காலையில் கேட்டில் பலகையைத் துடைத்ததும் அவர்கள்தான். அதில் ஒரு நாள்கூடக் குறையவில்லை. இது எல்லாம் தெரிந்தவள்தான் அவள். தெரிந்து என்ன, அலுத்துப்போன மனசு ஆறுதலாக ஓர் எண்ணைக் கண்டால் கேள்வி கேட்பதில்லை.

மறுபடி வடக்குப்பட்டு. அதே படி, அதே வாடை. இந்தத் தடவை கிரேசி உட்காரவில்லை.

"போன வாட்டி ஒண்ணும் கேக்காம ஓடிட்டியே" என்றாள் கங்கம்மாள்.

"வாடை தாங்கலக்கா. கக்கூஸ் கழுவ ஆள் இல்லியோன்னு நெனச்சேன்."

"ஆள் இருக்குது. பகல்ல நாங்க பாம்பர்ஸ் போடறதில்ல. எல்லாரையும் நடத்திக் கூட்டிக்கினு போறோம். பாதி பேரு வழியிலயே வுட்டுடறாங்க. தொடைக்கிறோம், மறுபடி வுடறாங்க. வாசனையா இருக்கணும்னா எல்லாரையும் கட்டிப்போட்டு பவுடர் அடிக்கணும். அத செய்யற எடம் வேற இருக்குது."

"அங்கயிருந்துதாங்க்கா வரேன்."

கங்கம்மாள் சிரிக்கவில்லை. கிரேசி ஒவ்வொன்றாகக் கேட்டாள். ராத்திரி யார் முழித்திருப்பது, மாத்திரை யார் கொடுப்பது, அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரி, வண்டி உண்டா. பணம் தண்டலத்தைவிடக் குறைவுதான், மருந்தும் பிசியோவும் தனி. ராத்திரிக்கு ஒரே ஆள்தான் என்றதை இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். ஈரத் தரைக்கு ஓரமாகச் சொரசொரப்பான ரப்பர் பாய் போடச் சொன்னாள். கங்கம்மாள் யோசித்து, "நீயே வாங்கிக்கினு வா. நல்லது எது, சொத்தை எதுன்னு உனக்குத்தான் தெரியும்" என்றாள்.

யேசுராஜ் வடக்குப்பட்டுக்கு வந்தார். முதல் வாரம் முழுக்கக் கயிற்றைப் பிடித்து நிற்பதிலேயே போயிற்று. நயினார் பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னா டிரைவரு, கியர் விழலியா?" என்று கேலி பண்ணுவாராம். யேசுராஜ் குழறலாகக் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்வாராம். அது மட்டும் எல்லாருக்கும் தெளிவாகப் புரிந்ததாம். கிரேசியிடம் இதைச் சொல்லிவிட்டுச் சமையல்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். கிரேசிக்குச் சிரிப்பு வந்தது. தூக்கம்தான் வரவில்லை.

கம்பெனியில் ஆடிட் வந்த அன்று போன் அடித்தது. ஆடிட்டர்கள் வருகிற பாதையில் கடைசியாக ஒரு தடவை மாப் போட்டுக்கொண்டிருந்தாள். "கிரேசி, பயப்படாத. உங்க வூட்டுக்காரரு விழுந்துட்டாரு" என்றாள் கங்கம்மாள். மாப்பை அப்படியே போட்டுவிட்டு, சூப்பர்வைசர் பேட்ஜைக்கூடக் கழற்றாமல் ஷேர் ஆட்டோவில் ஏறினாள். வழியெல்லாம் வீட்டுக் குளியலறைத் தரைதான் கண்ணில் நின்றது.

யேசுராஜ் கூடத்தில் நாற்காலியில் இருந்தார். புருவத்துக்கு மேலே பிளாஸ்திரி. நயினாரும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இருந்தார்கள்.

"ரப்பர் பாய் முடியற எடத்துல" என்றாள் கங்கம்மாள். "டாக்டர் பாத்துட்டாரு. எலும்புக்கு ஒண்ணும் ஆவல. சொல்லாமலே வுட்டிருக்கலாம், ஆனா சொல்லணும்ல." கிரேசியைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போய்க் கேட்டாள். "இன்னா பண்ணட்டும்? நடக்க வேணாம்னா உக்கார வெச்சிடறேன். நீதான் சொல்லணும்."

கிரேசி வெறும் பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டால் இன்றைக்கு ராத்திரி தூங்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

யேசுராஜ் அவளைப் பார்த்தார். நாற்காலிக் கையை இடது கையால் அழுத்தி எழுந்தார். அதே கையில் கோலை எடுத்துக்கொண்டு கயிற்றை ஒட்டி நகர்ந்தார். பெல்ட் எதுவும் இல்லை. கிரேசி பிடிக்கக் கையை நீட்டினாள். நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தரை ஈரமா கீது. பாத்துப் போங்க" என்றாள்.

"தெ... யும்" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல். கோல் தட்டுகிற சத்தம் மெதுவாகப் போயிற்று. குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை கிரேசி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.