அழிக்கட்டுமா என்று கேட்ட கம்ப்யூட்டர்

இதை எழுத எனக்குச் சில வருடங்களாகவே தயக்கம். எட்டாவதோடு நின்றவன் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதினால், படித்தவர்கள் சிரிக்க மாட்டார்களா என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அக்காள்மடத்தில் எனக்குச் சின்னதாக ஒரு போட்டோக் கடை. தீர்த்தமாட வருகிறவர்களைக் கடற்கரையில் படம் எடுத்துக் கொடுப்பேன். பிலிம் போய் டிஜிட்டல் கேமரா வந்தபோது, மதுரையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மச்சினன் ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் வேலை நடக்கும். அதற்கு ஷெல் என்று பேர். படப் பெயரின் ஆரம்ப எழுத்துகளைத் தட்டி நட்சத்திரக் குறி வைத்து அழிக்கச் சொன்னால், அப்படி ஆரம்பிக்கிற படம் அத்தனையும் போய்விடும்.

ஆடிக்கு வந்த என் மகளும் கம்ப்யூட்டர் படித்தவள். அப்போது வீட்டுக்கு வந்திருந்த மச்சினனைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, அழிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணாக் கேக்குற வசதி இதுக்குள்ளயே இருக்குல்ல? ஏன் மூடி வச்சிருக்கீக?”

“வேணுங்கிறவுக தெறந்துக்கிறட்டும். அழிக்கட்டுமா, அழிக்கட்டுமான்னு கேக்க உங்கய்யா என்ன பச்சப்புள்ளயா?”

“அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாதவுக எப்படித் தெறப்பாக? தெறந்து வைங்க. வேண்டாங்கிறவுக மூடிக்கிறட்டும்.”

நான் மச்சினன் பக்கம் பேசினேன். “ஏத்தா, என்னையக் கேள்வி கேக்க உங்காத்தா ஒருத்தி பத்தாதா?”

ஆனால் மகள் ஊருக்குக் கிளம்பும் முன் அதைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

அந்த வாரமே முதுகுளத்தூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர் போன் செய்தார்.

“அண்ணே, ஆத்தா தவறிருச்சுண்ணே. கோயிலுக்கு வந்தப்ப எடுத்தீகள்ல, ஆத்தாவுக்குன்னு இருந்த படம் அது ஒண்ணுதான். மழையில ஊறிப் போச்சு. கருமாதிக்கு வைக்கணும். பஸ் ஏறிட்டேண்ணே.”

படத்தைப் பெரிதாக்கப் பார்த்தால், இடமில்லை என்றது கம்ப்யூட்டர். சரி, மங்கலாக விழுந்த படங்களை அழித்துவிடலாம் என்று நினைத்தேன். அவற்றுக்கு ‘ஓம் மங்கல்’ என்று பேர் வைத்திருந்தேன். ஆரம்பத்தைத் தட்டினால் போதுமே என்று இங்கிலீஷில் ஓம் என்று தட்டி, நட்சத்திரக் குறி வைத்து, என்டரை அமுக்கினேன்.

சாமி பேரைச் சொல்லாமல் நான் எதையும் தொடங்குவதில்லை. கடையிலிருந்த எல்லாப் படத்துக்குமே ஓம் என்றுதான் பேர் ஆரம்பிக்கும். அது அந்த நேரத்தில் புத்தியில் ஏறவில்லை.

திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. ஒரு கல்யாண ஜோடியின் படத்தை அழிக்கட்டுமா என்று கேட்டது. நல்ல படமாயிற்றே, இதை ஏன் கேட்கிறது என்று யோசித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வேண்டாம் என்று தட்டினேன். அடுத்த படத்தைக் கேட்டது. அதற்கும் வேண்டாம். இதிலிருந்து வெளியே வருகிற வழி தெரியவில்லை. மனைவி மகளுக்குப் போன் போட்டாள்.

“ஏத்தா, உங்கய்யா வேண்டாம் வேண்டாம்னு தட்டிக்கிட்டே இருக்காக. எனக்கு ஒரு நாளாவது இப்படிப் பதில் சொல்லியிருப்பாகளா?”

“கன்ட்ரோலையும் சி-யையும் சேத்து அமுக்கச் சொல்லும்மா.”

அமுக்கினேன். நின்றது. ஒரு படமும் போகவில்லை. மனைவி போய் விளக்கேற்றிவிட்டு வந்தாள். நான் மங்கல் படங்களை மட்டும் பார்த்துப் பார்த்து அழித்தேன்.

மத்தியானம் அந்தச் சம்சாரி வந்தார். ஈரச் சேலையோடு கடலைக் கும்பிட்டு நிற்கிற ஆத்தாவை முழுசாகப் பெரிதாக்கிக் கொடுத்தேன். படத்தைப் பார்த்தவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மச்சினனிடம் சொன்னபோது, “சரி மச்சான், இனிமே யாருக்குப் போட்டாலும் தெறந்தே வச்சுக் குடுக்கிறேன்” என்றான். கம்ப்யூட்டருக்குள் வைத்த காவலை மூடி வைக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணமும்.

கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சாமி திரையில் தெரிந்தார் என்றெல்லாம் ஏற்றிச் சொல்ல வேண்டாம். அது கேட்டது, நான் வேண்டாம் என்றேன். நடந்ததை நடந்தபடியே சொன்னால் போதும்.