நான்காவது எழுத்து

காலண்டரிலிருந்து கிழித்த ஒரு தேதித் தாள். அதன் பின்பக்கம் பச்சை மையில் நான்கு ஆங்கில எழுத்துகள்: எஸ், பி, ஆர், கே. ஓரத்தில் மஞ்சளாக ஒரு குழம்புக் கறை. "இதான் பேரு. மாத்தக் கூடாது" என்று சொல்லி அதை என் மேசையில் வைத்தவரை, மலேசியாவில் ஜொகூரின் கூலாய் ஊரில் எல்லோரும் கேண்டீன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிற்சாலை ஒன்றில் பல வருடங்களாகச் சிற்றுண்டிச்சாலை நடத்திக்கொண்டிருந்தவர். புதிதாக வந்த நிர்வாகம், இனிமேல் பெயருக்குப் பின்னால் 'செண்டிரியான் பெர்ஹாட்', அதாவது பிரைவேட் லிமிடெட், என்ற வால் உள்ள கம்பெனிக்குத்தான் ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டது. மாதக் கடைசிக்குள் கம்பெனி பதிவாக வேண்டும். இல்லையென்றால் அடுப்பை அணைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

அப்படிப்பட்டவர்களுக்குக் கம்பெனி பதிந்து கொடுப்பதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. சாவிக் கடைக்கு மேல்மாடி. மேடம், நான், ஓயாமல் இருமும் ஒரு குளிர்சாதனப் பெட்டி. மேடம் உரிமம் பெற்ற கம்பெனிச் செயலாளர், நான் குமாஸ்தா. அந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது பெயர் தேடும் கட்டம். ஏற்கெனவே யாராவது வைத்த பெயராக இருக்கக் கூடாது, அரச குடும்பத்துச் சொல் வரக் கூடாது, பெயரில் தனி எழுத்து இருந்தால் ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது என்று விளக்கம் எழுத வேண்டும். பெயர் கிடைத்துவிட்டால் பதிவு இலாகாவில் முப்பது நாள் நமக்கென்று ஒதுக்கி வைப்பார்கள். அந்த விளக்கப் பெட்டிதான் எனக்குச் சொர்க்கம். யார் பெயரை யார் சேர்த்தார்கள், எந்த மருமகனை விட்டுவிட்டார்கள் என்று ஒரு குடும்பத்தின் கதையே அதில் வந்து விழும். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது என் பிறவிக் குணம். அதற்குச் சம்பளமும் கொடுத்தால் கசக்குமா?

பெட்டிகளைக் கணினியில் நிரப்புவதற்கு முன்னால், வாடிக்கையாளர் தம் கையாலேயே ஒரு படிவம் எழுதித் தர வேண்டும் என்பது மேடம் வைத்திருந்த வழக்கம். அக்கா எழுதினார். முதல் மூன்று எழுத்துக்கும் மூன்று பிள்ளைகளின் பெயர்கள். நான்காவதற்கு எதிரே ஒன்றுமில்லை.

"அக்கா, கே எதுக்கு?"

"அது இருக்கட்டும்மா. அப்புறம் எழுதலாம்."

கதவோரம் உட்கார்ந்திருந்த அவருடைய கணவர் சட்டென்று எழுந்தார். "வேன்ல ஐஸ் பெட்டி இருக்கு" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் அந்த மனிதர் கம்பெனியின் இரண்டாவது இயக்குநர். அதற்குமுன் அவர் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை.

எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. கே யார்? குலசாமியா? ஜோசியக்காரன் கொடுத்த எழுத்தா? அக்காவுக்குப் பழைய காதல் ஏதாவது இருந்திருக்குமோ? சே, அந்தக் கேடுகெட்ட கற்பனையை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. இரண்டு நாள் காத்திருந்தேன். அக்கா தொலைபேசியை எடுக்கவில்லை. தேதியோ ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியைக் காலியாக விட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். நான் என்னை மகா கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு, கே என்றால் 'கண்டின்' என்று, கேண்டீனுக்கான மலாய்ச் சொல்லைத் தட்டி அனுப்பிவிட்டேன். மறுநாளே பெயர் கிடைத்துவிட்டது.

பெயர் விண்ணப்பத்தின் அச்சடித்த தாளை வாங்க இருவரும் வந்தார்கள். அக்கா நின்றபடியே ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"யாரு இத எழுதுனது?"

"நான்தான்க்கா. சும்மா ஒரு விளக்கத்துக்கு..."

"அலமாக்! ஒரு பிள்ளையப் போயி கேண்டீனுன்னு எழுதிட்டியேம்மா!"

மேடம் உள்ளறையிலிருந்து வந்தார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மேடத்திடம் சொன்னார்.

"கோத்தா திங்கி ஊருல ஒரு பொண்ணு இருக்கு மேடம். இவரோடது. எனக்குத் தெரியாம வச்சிருந்த குடும்பம். தெரிஞ்ச அன்னிக்கு வீட்டுல ஒரு தட்டு முழுசா இல்ல. இன்னிக்கும் கோவம் போகல, பொய் சொல்ல மாட்டேன். போன வருஷம் அதோட அம்மா செத்துப்போச்சு. நான் போனேன். இவரு வேன விட்டு எறங்கல. அந்தப் பொண்ணு தன்னோட பொறப்புப் பத்திரத்த எடுத்துக் காட்டுச்சு. அப்பா பேரு இருக்கற எடத்துல தகவல் இல்லன்னு போட்டிருக்கு. 'பெரியம்மா, அப்பா என்னை எங்கயாச்சும் எழுதியிருக்காரா?'ன்னு கேட்டுச்சு. நான் என்ன சொல்லுவேன், சொல்லுங்க?"

"இந்தப் படிவத்துல எழுதறதால சட்டப்படி ஒண்ணும் மாறாது" என்றார் மேடம் மெதுவாக.

"தெரியும் மேடம். சட்டத்த நான் கேக்கல. இவரு கையால ஒரு தடவ எழுதட்டும். அதுக்குத்தான் அந்த எடத்த காலியா விட்டேன்."

கிடைத்த பெயரை விட்டுக்கொடுத்துவிட்டுப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், அதற்குள் வேறு யாராவது அதைப் பிடித்துக்கொள்ளலாம், மாதக் கடைசிக்கு ஆறே நாள்தான் இருக்கிறது என்று மேடம் விளக்கினார். அப்போதுதான் அண்ணன் பேசினார். "இருக்கட்டுமேலா. கேண்டீனுன்னே இருக்கட்டும். யாரு பாக்கப் போறா? கான்ட்ரெக்ட் போயிட்டா என்ன செய்யறது?"

"போனா போவுது. ரோட்டோரம் நாசி லெமாக், தேங்காப்பால் சோறு வித்துப் பொழச்சிக்குவேன்" என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "அத கேண்டீனுன்னு எழுதி வர்ற சோறு எனக்கு வேணாம்."

நான் புதிய படிவம் ஒன்றை எடுத்து அண்ணன் முன்னால் வைத்தேன். அவர் பேனாவை வாங்கி மூன்று பிள்ளைகளின் பெயரையும் விறுவிறுவென்று எழுதினார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மலாயில் 'என் பிள்ளை' என்று போட்டார். நான்காவதில் முதல் எழுத்தை எழுதிவிட்டு நிறுத்தினார். பிறகு மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"அவ முழுப் பேரு என்ன?"

அந்தக் கேள்வியை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். அக்காவின் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கைப்பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த பிறப்புப் பத்திர நகலை எடுத்து அவர் முன்னால் விரித்தார். அவர் அதைப் பார்த்துப் பார்த்து எழுதினார், பள்ளிக்கூடத்துப் பையன் பலகையைப் பார்த்து எழுதுவதுபோல. பக்கத்தில் 'என் பிள்ளை' என்று போட்டபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடம் என்னைப் பார்த்து, "நீ போயி டீ வாங்கிட்டு வா" என்றார். வேடிக்கை பார்த்தது போதும் என்று அர்த்தம். போனேன்.

அடுத்த இரண்டு நாளும் நான் சாமி கும்பிட்டதைப்போல என் திருமணத்துக்குக்கூடக் கும்பிட்டதில்லை. மூன்றாம் நாள் அதே பெயர் மறுபடியும் எங்களுக்கே கிடைத்தது. மாதம் முடிய ஒரு நாள் இருக்கையில் கம்பெனியும் பதிவானது.

இன்று நான் உலு திராமில் வேறொரு அலுவலகத்தில் இதே வேலையைச் செய்கிறேன். வாடிக்கையாளர்கள் பெயரைத் திறன்பேசியில் அனுப்புகிறார்கள், கையால் யாரும் எழுதுவதில்லை. விளக்கப் பெட்டி மட்டும் அப்படியே இருக்கிறது. அதை யாராவது காலியாக விட்டால் நானாக எதையும் நிரப்புவதில்லை. எத்தனை முறையானாலும் அழைத்துக் கேட்கிறேன்.

கம்பெனி பதிவான அன்று, பத்திரங்களை வாங்க அண்ணன் தனியாகத்தான் வந்தார். தொழிற்சாலைக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று என்று நான் பிரித்துக் கொடுத்த எல்லாவற்றையும் உறையில் போட்டுக்கொண்டு, போகாமல் நின்றார்.

"அன்னிக்கு நான் எழுதினேனே, அந்தத் தாளு... கெடைக்குமா?"

அது கோப்பில் இருக்க வேண்டிய தாள், நகல் எடுத்துத் தருகிறேன் என்றேன். அவர் தலையசைத்தாரே தவிர நகரவில்லை. "இல்லம்மா. நான் எழுதுனதே வேணும். இப்படியே கோத்தா திங்கிக்குப் போறேன்" என்றார்.

மேடத்தைப் பார்த்தேன். மேடம் கோப்பைத் திறந்து, தாளைக் கழற்றி நகல் எடுத்துக்கொண்டு, அசலை அவரிடம் நீட்டினார். அந்த அலுவலகக் கோப்பில் இன்றும் இருப்பது நகல்தான்.